வெயிலில் மட்டும் வேலை செய்த ரேடியோ

ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை. வேலையை மறந்துவிட்டுக் காலையில் பூங்காவில் நடப்பவர்கள் ஒரு வகை. அப்படி நடப்பவர்களை வழிமறித்து, அவர்கள் மகன் எந்த விதிமுறைப்படி வீடு வாங்கினான் என்று விசாரிப்பவர்கள் இன்னொரு வகை. நான் எந்த வகை என்று சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (கொஞ்சம் வேகமாக நடந்துகொண்டே சொல்வார்கள்.)

அரசாங்க அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். நாற்காலி, தண்ணீர் பம்பு, ஆய்வுக்கூடத் தராசு என்று நான் வாங்காத பொருள் இல்லை. அவற்றில் பாதி எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. தேவையை எழுத்தில் வாங்கு, விலைப்புள்ளி கேள், சோதனை செய், மதிப்பெண் போடு. இதை ஒழுங்காகச் செய்தால் உலகத்தில் எதையும் வாங்கிவிடலாம் என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தீபாவளிச் சந்தையில், ஊரார் பார்க்க, தொப்பலாக நனைந்து போனது.

என் மகள் மலர்விழியும் அவளோடு படித்த நஸீராவும் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் கம்பியில்லா இணையச் சேவை நிறுவனம் நடத்துகிறார்கள். வீட்டுக்கு வீடு கம்பி வந்துவிட்ட ஊரில் கம்பியில்லாமல் யாருக்கு வேண்டும் என்று முதலில் நானும் கேட்டேன். கட்டுமானத் தளம், கண்காட்சிக் கூடாரம், பண்டிகைச் சந்தை என்று சில வாரங்கள் இருந்துவிட்டுக் காணாமல் போகிற இடங்களுக்கு யாரும் சாலையைத் தோண்டிக் கம்பி போடமாட்டார்கள் அல்லவா? அங்கேதான் இவர்களுக்கு வேலை. தங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைத் தட்டு, அதற்கு நேர் எதிரே தூரத்துக் கூரையில் இன்னொரு வெள்ளைத் தட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் இணையம் போய்ச் சேரும். அந்தத் தட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரேடியோ. (பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இதை நான் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது.)

நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ச்சிக்குக் காரணம் லிட்டில் இந்தியாவின் தீபாவளிச் சந்தை ஒப்பந்தம். கடைகளின் கட்டணக் கருவி, கண்காணிப்புக் கேமரா, பாட்டு எல்லாம் இவர்கள் இணையத்தில்தான் ஓடின. அதை நம்பிப் புதிதாக ஆள் எடுத்திருந்தார்கள், பெரிய அலுவலகத்துக்கு முன்பணமும் கட்டியிருந்தார்கள். சந்தையில் ஒரு மாலை இணையம் படுத்தால் அடுத்த ஆண்டு அந்த வேலை ஏதாவது பெரிய நிறுவனத்துக்குப் போய்விடும். புது ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அந்த ஆண்டு கடைகள் கூடிவிட்டதால் பழைய ரேடியோக்கள் திணறும் என்று தெரிந்துபோனது. ஊரில் உள்ள வைஃபை முக்கால்வாசியும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறதாம்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்துல நடக்கிற மாதிரி அங்கிள். நடந்துகிட்டே இருக்கலாம், போய்ச் சேர முடியாது,” என்றாள் நஸீரா.

இரவுச் சாப்பாட்டின்போது மலர், ஜமால் பாயிடம் புது ரேடியோ வாங்கப்போவதாகச் சொன்னாள். ஜமால் பாய் ஃபேரர் பார்க்கில் தொடர்புச் சாதனங்கள் இறக்குமதி செய்து விற்பவர். நான் கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தேன்.

“ஒரே ஒரு ஆள்கிட்ட கேட்டுட்டு வாங்கிடுவியா?”

“அவரு நல்ல சாமான்தான்ப்பா தருவாரு.”

“நல்ல சாமான்னு யாரு மதிப்பெண் போட்டா?”

“மலரு, பதில் சொல்லாத,” என்றாள் என் மனைவி வசந்தா. “சொன்னா இன்னிக்குப் பாத்திரம் கழுவ முடியாது.”

மலர் பதில் சொல்லிவிட்டாள். “சரிப்பா, நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்க.” (வீட்டில் சும்மா இருந்து அம்மாவைப் படுத்துகிறாரே என்ற இரக்கத்தில் சொன்னது என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது அது என் திறமைக்கு வந்த அழைப்பு என்று நினைத்தேன்.)

மறுநாளே ‘ஆலோசகர்’ என்று ஓர் அட்டை அச்சடித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். அட்டை திரும்பிக்கொண்டால் தெரியாமல் போய்விடுமே என்று இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தேன்.

விலைப்புள்ளிகளை மூடிய உறையில் தர வேண்டும், கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி என்று அறிவித்தேன். இருவர் காலையிலேயே கொடுத்துவிட்டார்கள். இரண்டு மணி அடித்ததும் பெட்டியை மூடினேன். சிறிது நேரத்தில் ஜமால் பாய் படியேறி வந்தார். ஒரு கையில் உறை, மறு கையில் சூடான கறிபஃப் பை.

“நேரம் முடிஞ்சிடுச்சுங்க,” என்றேன்.

“தொழுகை முடிச்சுட்டு நேரா வர்றேன் சார்.”

“முன்னாடியே கொடுத்திருக்கலாமே.”

“அங்கிள்,” என்றாள் நஸீரா, “வெள்ளிக்கிழமை ரெண்டு மணின்னு யாராச்சும் வைப்பாங்களா?”

நியாயமான கேள்விதான். அலுவலகத்தில் இருந்தவரை வெள்ளிக்கிழமை மதியத்தை நாங்கள் கடைசி நேரமாக வைத்ததே இல்லை. ஆனால் ஓய்வு பெற்றவனுக்குக் கிழமை ஏது? எல்லா நாளும் ஒன்றுதான். அதை ஒப்புக்கொண்டு நேரத்தை நீட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நான் உறையைத் திறக்காமல் இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். விற்பனையாளரிடம் எதையும் வாங்கக்கூடாது என்பதால் கறிபஃப்பையும் மறுத்தேன். மலரும் நஸீராவும் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள்.

எஞ்சிய இரண்டு ரேடியோக்களில் ஒன்று, பழையதன் தம்பி. இன்னொன்று வேறு ரகம். மிக உயர்ந்த அலைவரிசை, நெரிசலே இல்லாத அகலமான பாதை. சோதனைக்கு மாட்டியபோது நஸீராவின் திரையில் வேகம் காட்டும் முள் வலது ஓரத்துக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. (மதிப்பீட்டாளருக்கு விருப்பு வெறுப்பு இருக்கக்கூடாது. ஆகவே பிடித்ததை முகத்தில் காட்டாமல் பிடித்தது.)

“ஸ்பீடு சூப்பர்தான். ஆனா இதுக்கு மழை ஆகாது அங்கிள்,” என்றாள் நஸீரா. “பெரிய மழை வந்தா சிக்னலைத் துளியே குடிச்சிடும். ஜமால் பாய் ரேடியோவும் இதே ரகம்தான், ஆனா உள்ளுக்குள்ள பழைய அலைவரிசையும் ஒண்ணு சேர்த்து வச்சிருக்கும். மழைன்னா தானா அதுக்கு மாறிக்கும்.”

“வராத விலைப்புள்ளியோட பெருமையைப் பேசறதே முறை இல்லம்மா. மழையையும் நான் விட்டுடல. சோதனைப் பட்டியல்ல தனியா ஒரு வரியே இருக்கு.”

இருந்தது. பிரச்சினையே அந்த வரியில்தான்.

சோதனைக்கான பாதுகாப்பு விதிகளையும் நானே எழுதியிருந்தேன். வானம் கறுத்தால் மொட்டைமாடியில் யாரும் நிற்கக்கூடாது. இது சரி. இந்த ஊர் மின்னலோடு விளையாடக்கூடாது. அதற்கடுத்த விதி, பக்கத்தில் ஆள் இல்லாமல் எடுக்கும் அளவு எதுவும் செல்லாது. எனவே ஆள் கீழே இறங்கும்போது ரேடியோவையும் நிறுத்திவிட வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் மேலே ஏறக்கூடாது என்றும் ஒரு விதி வைத்திருந்தேன். அது என்னையே தடுத்தது. சான்றிதழுக்குப் போனால் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள் என்பதால் நான் கீழே காப்பிக்கடையில் தே ஓ கொசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன்.

மேகம் திரளும். “இறங்குங்க,” என்று போன் செய்வேன்.

“நாங்க இறங்கிடறோம் அங்கிள், ரேடியோ ஓடட்டும். இங்கேருந்தே போன்ல பார்த்துக்கலாம்.”

“சாட்சி இல்லாத அளவு செல்லாதும்மா. நிறுத்திட்டு வா.”

நிறுத்துவார்கள். மழை கொட்டும். விடும். வெயில் வரும். மேலே போய் மீண்டும் போடுவார்கள். முள் வலது ஓரத்துக்குப் போகும். சோதனைக் காலம் முழுவதும் இப்படியே நடந்தது. கடைசியில் ‘மழையில் செயல்பாடு’ என்ற வரிக்கு வந்தேன். மழையில் அது தோற்றதாக எங்கும் பதிவே இல்லை. ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதி முழு மதிப்பெண் போட்டேன். எழுதியதில் ஒரு பொய்யும் கிடையாது. என் பணிக்காலத்தில் எத்தனை பம்புகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்ப்பதில்லை.

புது ரேடியோக்கள் ஏறின. பழையதை அன்றைக்கே கழற்றி ஒப்படைக்கச் சொன்னேன். “சரிப்பா,” என்றாள் மலர்.

சந்தை தொடங்கிய மாலை, பாத்திக் சட்டைக்கு இஸ்திரி போட்டு அணிந்து, அட்டையை மாட்டிக்கொண்டு வசந்தாவோடு போனேன். கூட்டம் நெருக்கியது. ஒவ்வொரு கடையிலும் கைப்பேசியைக் காட்டுகிறார்கள், டிங் என்கிறது, பொருளை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

“இந்தப் பணமெல்லாம் இப்போ நம்ம தலைக்கு மேலதான் போகுது,” என்று வசந்தாவிடம் விளக்கினேன்.

அவள் தலைக்கு மேலே பார்த்தாள். “மேல வேற என்னமோ வருதே,” என்றாள்.

எங்கள் ஊர் மழைக்கு முன்னுரை கிடையாது. ஒரு துளி என் கண்ணாடியில் விழுந்தது. அதைத் துடைத்து மாட்டுவதற்குள் எதிர்ச் சாரிக் கடைகள் தெரியவில்லை. நாங்கள் ஓடிப்போய் ஒதுங்கியது பார்வதியின் விளக்குக் கடை. பார்வதிதான் கடைக்காரர்கள் சார்பில் இணைய ஒப்பந்தத்தைப் பேசி முடிவு செய்பவர். ஒதுங்குவதற்கு எனக்கு வேறு கடை கிடைக்கவில்லை.

“அண்ணே, சுத்திக்கிட்டே இருக்கு,” என்றார் பார்வதி.

“எது?”

“இந்த வட்டம்.” கட்டணக் கருவியைத் தூக்கிக் காட்டினார். அடுத்த கடையிலும் வட்டம் சுற்றியது. அதற்கடுத்த கடையிலும். வாங்க வந்த பெண் குத்துவிளக்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கேஷ் இல்ல ஆண்ட்டி. இப்ப யாரு லா கேஷ் வச்சிருக்கா?”

நெருக்கடி வந்தால் எனக்குச் செய்தி வாசிப்பவரின் தமிழ் வந்துவிடும். “சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். மழை காரணமாக ஆண்டொன்றுக்குக் குறிப்பிட்ட சில மணி நேரம் தடை ஏற்படலாம் என்று தயாரிப்பாளரே அறிவித்திருக்கிறார். இது அனுமதிக்கப்பட்ட அளவுக்கு உட்பட்டதுதான்.”

பார்வதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வருஷத்துக்கான மணி நேரம் பூரா இன்னைக்கேவா வரணும்?”

“அது வந்து…”

“உங்க ரேடியோ என்னண்ணே, எங்க வீட்டுப் பூனையா? தண்ணி பட்டா கட்டிலுக்கடியில போயிடுது.”

பக்கத்துத் தோரணக் கடைக்காரர் என் கழுத்தை எட்டிப் பார்த்தார். “ஆலோசகர்னு போட்டிருக்கு. என்ன ஆலோசனை சொன்னீங்க சார்?”

அட்டையைத் திருப்பினேன். அந்தப் பக்கமும் ஆலோசகர்.

வசந்தா குடையை விரித்து, என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்று, விளக்கு விலை கேட்கத் தொடங்கினாள். திருமணமான இத்தனை ஆண்டுகளில் அவள் என்னை இவ்வளவு நாசூக்காகத் தெரியாதவன் ஆக்கியதில்லை.

போன் அடித்தது. மலர். “அப்பா, எங்க இருக்கீங்க?”

“பார்வதிம்மா கடையில.”

“ஐயோ. அவங்ககிட்ட எதுவும் பேசிடாதீங்க.”

“பேசிட்டேன்.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. பிறகு நஸீராவின் குரல். “அங்கிள், பழைய ரேடியோவுக்கு மாத்தறேன். அஞ்சு நிமிஷம் சமாளிங்க.”

“பழையதா? அதைத்தான் கழற்றச் சொல்லிட்டேனே?”

“கழட்டலப்பா,” என்றாள் மலர். “நீங்க மேல வந்து பார்க்க மாட்டீங்கன்னு தெரியும். வேணும்னா நாளைக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுங்க.”

சமாளிக்கும் பொறுப்பைப் பார்வதி என் கையில் கொடுத்தார். கடையின் தார்ப்பாயில் மழைத் தண்ணீர் தேங்கித் தொந்தியாகத் தொங்கியது. “சும்மாதானே நிக்கிறீங்க, இதைக் குத்தித் தள்ளுங்க,” என்று துடைப்பக் கம்பை நீட்டினார். தள்ளுவதற்கு ஒரு முறை இருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. நடுவில் குத்தினேன். தண்ணீர் தெருப்பக்கம் போகாமல் நான் நின்ற பக்கமாக, அவசரப்படாமல், ஒரே பாளமாக இறங்கியது. பாத்திக் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. குத்துவிளக்குப் பெண் படமெடுத்தாள். அவள் போன் சந்தை வைஃபையில் இருந்ததால் அதை உடனே யாருக்கும் அனுப்ப முடியவில்லை. என் தேர்வால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

பிறகு எங்கோ ஒரு டிங். அடுத்த கடையில் இன்னொரு டிங். கேமராக்களையும் பாட்டையும் நிறுத்திவிட்டுக் கட்டணக் கருவிகளை மட்டும் பழைய ரேடியோவில் நஸீரா ஓடவிட்டிருந்தாள். (மழை விட்டு வைஃபை திரும்பியதும் என் படமும் போய்ச் சேர்ந்துவிட்டது.)

பார்வதி வட்டம் மறைந்ததைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “உங்க பொண்ணுங்க நல்ல பிள்ளைங்க, அதனால பொறுத்துக்கிட்டேன். இன்னொரு மழையில இப்படி ஆச்சுன்னா நான் பெரிய கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுடுவேண்ணே. இங்க எல்லாரும் வருஷ வியாபாரத்தை இந்த ஒரு மாசத்துலதான் பார்க்கிறோம்.”

வீட்டுக்குப் போகும் வழியில் மலர் என்னைத் திட்டவில்லை. “புதுசா எடுத்தவங்களுக்கு என்னப்பா சொல்றது?” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

மறுநாள் நானே ஜமால் பாய் கடைக்குப் போனேன். என் வாழ்நாளில் ஒரு விற்பனையாளரைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை. அட்டையை வீட்டில் வைத்துவிட்டேன்.

“வாங்க சார்,” என்றார் ஜமால் பாய், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். “கடைசி நேரம் முடிஞ்சிடுச்சே.”

“தெரியும் பாய்.”

“தேவையை எழுத்துல கொண்டாந்திருக்கீங்களா?”

“இல்ல.”

“சாட்சி? வீட்டம்மா வந்திருக்காங்களா?”

“அவங்க இப்பல்லாம் என்கூட வர்றதில்ல.”

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உள்ளே குரல் கொடுத்து இரண்டு தேத்தண்ணீரும் ஒரு தட்டும் வரவழைத்தார். தட்டில் கறிபஃப். “முதல்ல இதைச் சாப்பிடுங்க. அப்புறம்தான் வியாபாரம்.” சாப்பிட்டேன். அது லஞ்சம் என்றால், நான் வாங்கிய ஒரே லஞ்சம், அதுவும் ஓய்வு பெற்ற பிறகு.

ரேடியோப் பெட்டிகளை மேசைமேல் வைத்தார். “கொண்டுபோய் மாட்டுங்க. மழை வரட்டும். ஓடிச்சுன்னா காசு கொடுங்க, ஓடலன்னா பெட்டியைக் கொடுங்க.”

“மதிப்பெண் எதுவும்…”

“சார்.”

“சரிங்க பாய்.”

மாட்டினார்கள். அதற்குப் பிறகு மழை வரவில்லை. சந்தையில் கடை போட்டவர்கள் அத்தனை பேரும் வானம் வெளுத்திருக்கிறது என்று மகிழ்ந்திருக்க, நாங்கள் மட்டும் அண்ணாந்து பார்த்து மேகத்துக்குத் தவம் கிடந்தோம். பழையதை வைத்து வண்டியை ஓட்டலாம் என்றாலும் மழையில் பார்க்காமல் யாருக்கும் தூக்கம் வரவில்லை. கடைசியில் ஒரு மாலை வானம் கறுத்தது. மொட்டைமாடியில் யாரும் இல்லை. ரேடியோவை யாரும் நிறுத்தவும் இல்லை. மலரும் நஸீராவும் பார்வதியின் கடைக்கே வந்து போனை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் தார்ப்பாய்க்கு எட்டாத தூரத்தில் நின்றேன்.

மழை இரைந்தது. திரையில் முள் கீழே விழுந்தது. இன்னும் விழுந்தது. நஸீரா உதட்டைக் கடித்தாள். முள் பாதி வழியில் தயங்கி நின்று, அதற்குக் கீழே போக மறுத்துவிட்டது. பார்வதியின் கருவி டிங் என்றது. பாட்டுக்கூட நிற்கவில்லை.

“ஓடுது லா,” என்றாள் நஸீரா, மிக மெதுவாக, சத்தமாகச் சொன்னால் நின்றுவிடும் என்பதுபோல.

பண்டிகை முடிந்ததும் பார்வதி மலரைக் கூப்பிட்டு அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைக் கொடுத்தார். புது ஆட்கள் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். நான் வாங்கிய ரேடியோக்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவு கிட்டத்தில் என்றால் மழையிலும் போகுமாம். ஒப்பந்தத்தில் பார்வதி ஒரு நிபந்தனை சேர்த்தார். எந்தச் சாதனமாக இருந்தாலும் மழையில் பார்த்த பிறகுதான் சந்தையில் மாட்ட வேண்டும். “வெயில்ல பார்க்கிறதுக்கு அண்ணன் ஒருத்தரே போதும்,” என்று வாயால் சொன்னதை நல்லவேளையாக எழுத்தில் சேர்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது இது ஓர் அளவுகோல். நன்றாக இருக்கும் காலத்தில் பளபளவென்று தெரிந்து, தேவைப்படும் நேரத்தில் காணாமல் போகிற எதற்கும் ‘அப்பா வாங்குன ரேடியோ’ என்று பெயர். விருந்துக்கு வந்து, வீடு மாற்றும்போது முதுகு வலிக்கிறது என்கிற உறவினர், அப்பா வாங்குன ரேடியோ. காற்றில் திருப்பிக்கொள்கிற குடை, அப்பா வாங்குன ரேடியோ. கேள்விப்பட்டேன், சில வீடுகளில் என்னைத் தெரியாதவர்களும் சொல்கிறார்களாம்.

போன மாதம் வசந்தாவின் தங்கை மகளுக்கு வரன் பார்க்கக் காத்தோங் கோவிலில் இரு வீட்டாரும் சந்தித்தோம். பையன் பொறியாளர், நல்ல சம்பளம், பணிவு, பெண்ணுக்கும் பிடித்திருந்தது. எனக்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. பையனின் அத்தை, “உங்க முடிவை எப்போ சொல்வீங்க?” என்று கேட்டார்.

வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “பையன் நல்லாத்தான் தெரியறாரு. ஒரு மழை வரட்டும், பார்த்துட்டுச் சொல்றோம்.”

எங்கள் பக்கம் மொத்தமும் கோவில் என்பதை மறந்து சிரித்தது. பையன் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனின் அப்பா, நல்ல மனிதர், என் பக்கம் சாய்ந்து மரியாதையாகக் கேட்டார்.

“மழைக்குக் காத்திருக்கீங்களே, மலேசியாவுல ஜொகூர் பக்கம் உங்களுக்குத் தோட்டம் ஏதாச்சும் இருக்குங்களா?”

அது பெரிய கதை, பிறகு சொல்கிறேன் என்று சமாளித்தேன். சம்பந்தம் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. எப்படியும் யாராவது அவரிடம் சொல்லத்தான் போகிறார்கள். அதற்குள் நானே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.